ஏலத்தில் பழைய வண்டி எடுத்து விற்பவர்கள் கோட்டை விடும் இடங்கள்

மதுவிலக்கு வழக்கில் பிடிபட்ட வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று பேப்பரில் செய்தி வந்தால் போதும், எங்கள் வேலூரில் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி வரைக்கும் பத்துப் பேராவது 'பத்தாயிரத்துக்கு எடுத்து இருபத்தைந்துக்குத் தள்ளிடலாம்' என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அப்படிப் போட்டவன்தான்.

நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்கூட்டர், பார்க்கப் பளிச்சென்று இருந்தது, 11,500க்கு எடுத்தேன். வேலூர் வெயிலில் யார் குனிந்து துடைத்துப் பார்ப்பது என்று, பட்டியலில் இருந்த சேஸ் நம்பரை, அதாவது வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் அடையாள எண்ணை, வண்டியில் அடித்திருந்ததோடு ஒப்பிடவே இல்லை. வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால், வண்டியை எடுத்ததற்குக் கொடுத்த ஏல ஆணையில் 3 இருக்கும் இடத்தில் வண்டியில் 8. ஆணையைத் திருத்தி வாங்க நாலு மாதம் அலைந்தேன். அதற்குள் டயர் வெடித்து, சீட் கிழிந்து, காயலான் கடைக்காரர் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதாயிற்று. ஒரு துணியும் ஐந்து நிமிடமும் இருந்திருந்தால் போதும்.

அதனால் இன்ஜினை உதைத்துப் பார்ப்பதற்கு முன்னால் பேப்பரைப் பாருங்கள். 'உள்ளது உள்ளபடியே' என்றுதான் ஏலம் விடுவார்கள், எடுத்த பிறகு குறை சொன்னால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். சில வண்டிகள் வெறும் கழிவாகத்தான் ஏலத்துக்கு வரும், அதை ரோட்டில் ஓட்டவே முடியாது, எடைக்குத்தான் போகும். அறிவிப்பில் அந்த ஒரு வரியைப் படிக்காமல் கையைத் தூக்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஓட்டக்கூடிய வண்டி என்றாலும், அரசு ஏலத்தில் எடுத்ததற்கு பெயர் மாற்ற வழக்கமான 29, 30 படிவங்கள் இல்லை, படிவம் 32. வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள், ஏலம் நடத்திய அதிகாரி கையெழுத்துப் போட்ட சான்றோடு ஆர்டிஓ ஆபீஸுக்குப் போய்விட வேண்டும்.

நம்ம ஊருக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு. காட்பாடி தாண்டினால் ஆந்திரா, அதனால் பிடிபடும் வண்டிகளில் ஏபி 03 என்று சித்தூர் நம்பர் போட்டதும் இருக்கும். விலை குறைவாகப் போகிறதே என்று எடுத்தால், அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே மறுபதிவு, சாலை வரி என்று லாபம் முழுக்க எல்லையிலேயே நின்றுவிடும். நம்ம வேலூர் டிஎன் 23 வண்டிக்கு இரண்டாயிரம் அதிகம் கொடுத்தாலும் பரவாயில்லை என்பது என் எண்ணம். அப்புறம் வண்டி 15 வருஷம் தாண்டியதா என்று பாருங்கள். தாண்டி 20 வருஷத்துக்குள் இருந்தால் ஆர்சி புதுப்பிக்க பைக்குக்கே 1,000, காருக்கு 5,000, அதற்கு மேல் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டியைத் தேற்றும் செலவு தனி.

சரி, கணக்கு. பைக் 14,000க்குக் கேட்டீர்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அங்கேயே 16,520. போலீஸ் ஏலத்து வண்டியில் பேட்டரி உயிரோடு இருந்தால் அதிர்ஷ்டம், ஆகவே பேட்டரி 1,200, இரண்டு டயர் 2,800, கார்ப்பரேட்டர் கழுவி சர்வீஸ் பண்ண 1,800, கொண்டுவர லோடு ஆட்டோ 500, தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 850, பெயர் மாற்ற 1,500. ஆச்சு, 25,170. இருபத்தாறுக்கு விற்றால் ரெண்டு மாத அலைச்சலுக்கு 830 ரூபாய். இந்தக் கணக்கை முந்தின நாளே போட்டு, கேட்கப்போகும் கடைசி விலையை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போங்கள். பக்கத்தில் நிற்பவன் முறைத்துப் பார்த்துக்கொண்டே ஐந்நூறு ஏற்றுவான், நமக்கும் ரோஷம் வரும். அவன் வருஷம் முழுக்க இதையே செய்கிறவன், சொந்த டிங்கர், சொந்த மெக்கானிக் வைத்திருப்பான். அவனுக்குக் கட்டுப்படியாகும் விலை நமக்குக் கட்டுப்படியாகாது.

வண்டி வேண்டாம், காந்தி ரோடு பக்கம் லாட்ஜைப் புதுப்பிக்கும்போது வரும் ஏசி, கட்டில்களை மொத்தமாக எடுக்கிறேன் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஏசியில் செம்புக் காயில் (குழாய்ச் சுருள்) இருக்கும், உடைத்தாலும் காசு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். அலுமினியக் காயிலும் நிறைய உண்டு, மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் நிறமே சொல்லிவிடும்.

கடைசியாக விற்கும் இடம். ஏல ஆணையை அப்படியே இன்னொருவர் கையில் கொடுத்து 'நீங்களே உங்க பேருக்கு மாத்திக்கோங்க' என்பவர்கள் அதிகம். ஆணை உங்கள் பெயரில் இருக்கிறது, அவரால் மாற்ற முடியாது. முதலில் உங்கள் பெயருக்கு, பிறகுதான் அவர் பெயருக்கு. இரண்டாவது மாற்றத்தை அவர் செய்யாமல் ஓட்டி எங்காவது இடித்துவிட்டால், பதிவில் பெயர் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் நான் இப்போதெல்லாம் வாங்குபவரையும் கூட்டிக்கொண்டு ஆர்டிஓ ஆபீஸ் போய், ரசீது கைக்கு வந்த பிறகுதான் சாவியைக் கொடுக்கிறேன்.