விண்வெளி நிலையத்துக்குத் தனியார் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெல்ட்டைச் சரியாக மாட்டாதது, தடைசெய்த பொருளைப் பையில் வைப்பது போன்ற சில்லறைத் தவறுகளைப் பயிற்சியாளர்களே பிடித்துவிடுவார்கள். அவற்றை விடுங்கள். ஃபால்கன் 9 ராக்கெட்டின் உச்சியில் இருக்கும் டிராகன் கலத்தில் ஏறி சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகும் குழுக்கள் பயிற்சிக்குப் பிறகும் செய்யும் தவறுகள் வேறு.

அட்டவணையைத் திணித்து நிரப்புவது

இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான், ஏனென்றால் பாடம் எப்போதோ கிடைத்துவிட்டது. ஆக்சியம் என்ற தனியார் நிறுவனம் 2022 ஏப்ரலில் அனுப்பிய ஆக்சியம்-1 குழு நிலையத்தில் எட்டு நாள் தங்குவதாகத் திட்டம். கையில் சுமார் 25 ஆய்வுகள். தலைமை வகித்த மைக்கேல் லோபஸ்-அலெக்ரியா அதற்குமுன் நான்கு முறை விண்வெளிக்குப் போனவர். தொடக்க நாட்களில் அளவுக்கு மீறி வேலை வைத்துவிட்டோம் என்று அவரே திரும்பியபின் சொன்னார். நிலையத்தில் இருந்தவர்கள் தங்கள் வேலைக்கு நடுவே கைகொடுக்க வேண்டியதாயிற்று. புதியவர்கள் எடையின்மைக்குப் பழகக் கூடுதல் நேரம் வேண்டும் என்று நாசா பிறகு விதிகளையே திருத்தியது. அப்படியிருந்தும் புதிய திட்ட வரைவுகளில் போய்ச் சேர்ந்த அன்றே இரண்டு ஆய்வு, ஒரு நேரலைப் பேட்டி!

தரையில் அரை மணியில் முடிவது மேலே ஏன் முடியாது? பையைத் திறந்ததும் உள்ளே இருப்பதெல்லாம் கிளம்பி வெளியே வரும். ஒவ்வொன்றையும் வெல்க்ரோவில் ஒட்ட வேண்டும். பாதத்தைக் கைப்பிடிக் கம்பிக்குள் நுழைத்து உடலை நிறுத்தினால்தான் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். போதாக்குறைக்கு, ரத்தமும் நீரும் தலைப்பக்கம் ஏறி மூக்கு அடைத்திருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் பாதிப் பேருக்கு மேல் குமட்டலும் இருக்கும்.

ஆகவே முதல் மூன்று நாளுக்குத் ஒவ்வொரு வேலைக்கும் தரையில் ஆகும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். பிறகு ஒன்றரை மடங்கு போதும். சேர்ந்த அன்று அவசரகாலப் பாதை, கழிப்பறை, தூங்கும் இடம் தவிர வேறெதுவும் வேண்டாம். நகர்த்த முடியாதவற்றை முதலில் எழுதுங்கள்: பள்ளிகளோடு அமெச்சூர் ரேடியோவில் பேச நிலையம் தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிடம்தான் கிடைக்கும். அடுத்து, குளிரூட்டியில் வைக்க வேண்டிய மாதிரிகள். மிஞ்சும் இடத்தில்தான் மற்றவை. எதை முதலில் கைவிடுவது என்ற பட்டியலைத் தரையிலேயே முடிவு செய்யுங்கள். மேலே போனபின் ஆய்வின் சொந்தக்காரர் எவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

தேதியை நம்புவது

ஆக்சியம்-4, 2025 மே 29-இல் கிளம்ப இருந்தது. கிளம்பியது ஜூன் 25. ஒருமுறை மறித்தது ராக்கெட்டின் முதல் அடுக்கில் திரவ ஆக்சிஜன் கசிவு. முன்பு ஒருமுறை பறந்து திரும்பிய அடுக்கு அது. புதுப்பித்தபோது அந்தக் கசிவு முழுதாகச் சரியாகவில்லை. நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் இருந்த கசிவும் தன் பங்குக்கு நாள் வாங்கிக்கொண்டது. உயிருள்ள மாதிரி கொண்டுபோகிறவர்கள் மாற்றுத் தொகுதி தயாராக வைத்திருக்க வேண்டும்.

திரும்புவதும் அப்படித்தான். பத்து நாளில் முடிய வேண்டிய ஆக்சியம்-1, கலம் இறங்கும் கடற்பகுதியின் வானிலையால் 17 நாள் ஆனது. தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திட்டமிட்ட நாட்களுக்கு மட்டும் எண்ணி எடுத்துப் போகக் கூடாது.

காற்றோட்டமில்லா மூலையில் தூங்குவது

வெளிவிட்ட கரியமில வாயு முகத்தைச் சுற்றியே தேங்கும். தலைவலியோடு எழுவீர்கள்.

தொலைந்த பொருளை எங்கெங்கோ தேடுவது

காற்று உறிஞ்சும் வலையில் முதலில் பாருங்கள். மிதக்கும் பொருளைக் காற்றோட்டம் அங்கேதான் இழுத்துப்போகும்.

இறங்கும் நாளில் நீரும் உப்பும் தவிர்ப்பது

சின்ன டிராகனுக்குள் கழிப்பறைக்குப் போகத் தயங்கிப் பலர் இதைக் குறைத்துக்கொள்கிறார்கள். மேலே இருந்த நாட்களில் உடல் நீரை வெளியேற்றியிருக்கும். ஈர்ப்பு திரும்பியதும் ரத்தம் காலுக்கு இறங்கும். எழுந்து நின்றால் மயக்கம் வரும். மருத்துவர் சொன்ன அளவை, சொன்ன நேரத்தில், முழுதாகக் குடியுங்கள். கடலில் இறங்கியபின் தலையைச் சட்டென்று திருப்பாதீர்கள். வாந்திப் பை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.