வியூபோர்ட்டில் மறைந்த பானை ரெண்டரில் மறையவில்லை: பிளெண்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக அனிமேஷன் கற்பவர்கள் அனுப்பும் பிளெண்டர் (முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள்) கோப்புகளைத் திறந்து திருத்திக் கொடுப்பது எனக்கு வழக்கம். ஒரு பொருளைக் குறிப்பிட்ட ஃபிரேமில் தோன்ற வைப்பதிலும் மறைய வைப்பதிலும் நான் அன்று செய்த அதே தவறுகளைத்தான் இவர்களும் செய்கிறார்கள். கீஃபிரேம் (ஒரு மதிப்பைக் குறிப்பிட்ட ஃபிரேமில் பதிவது, சுருக்கமாகக் 'கீ') போட மறப்பது, வேறு பொருளைத் தேர்ந்தெடுப்பது போன்றவை இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கண் ஐகானை நம்புவது

அவுட்லைனரில் (காட்சியிலுள்ள பொருள்களின் பட்டியல்) இருக்கும் கண் ஐகான், நீங்கள் வேலை செய்யும்போது இடைஞ்சலான பொருளை ஒதுக்கி வைக்க மட்டும். அதற்குக் கீஃபிரேம் போடவே முடியாது.

மானிட்டர் ஐகானுக்குக் கீ போட்டு, கேமரா ஐகானை விட்டுவிடுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதற்கு ஓர் இரவு முழுவதையும் கொடுத்திருக்கிறேன்.

உறியடிக் காட்சி ஒன்று செய்துகொண்டிருந்தேன். முழுப்பானை ஒரு பொருள். அதே இடத்தில், அதே அளவில், சில்லுகளாக வெட்டி வைத்த பானை இன்னொன்று. கம்பு படுவது 96-ஆம் ஃபிரேமில். 95 வரை முழுப்பானை தெரிய வேண்டும், 96 முதல் சில்லுகள். அவுட்லைனரில் மானிட்டர் ஐகான் மேல் மவுஸை வைத்து 'ஐ' விசையை அழுத்தி, இரண்டுக்கும் கீ போட்டேன். ஓட்டிப் பார்த்தால் பானை அழகாக உடைந்தது. வியூபோர்ட்டிலிருந்தே (நாம் வேலை செய்யும் திரைக்காட்சி) ஒரு சோதனை வீடியோ எடுத்தேன், அதிலும் சரியாக இருந்தது.

மொத்தம் 250 ஃபிரேம், ஒன்றுக்கு 3 நிமிடம், பன்னிரண்டரை மணி நேர ரெண்டர் (இறுதிப் படங்களை உருவாக்கும் வேலை). போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் பார்த்தால் சில்லுகள் நாலாபக்கமும் சிதறுகின்றன, நடுவே முழுப்பானை ஆடாமல் அசையாமல் தொங்குகிறது. முதல் 95 ஃபிரேம்களும் தப்பவில்லை. இரண்டு பானைகளும் ஒரே இடத்தில் கிடந்ததால் மேற்பரப்பெல்லாம் கறுப்புத் திட்டு.

காரணம் இதுதான்: மானிட்டர் ஐகான் வியூபோர்ட்டுக்கு, கேமரா ஐகான் ரெண்டருக்கு. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது, பிளெண்டரும் எச்சரிக்காது. வியூபோர்ட்டில் எடுத்த சோதனை வீடியோவும் மானிட்டர் சொல்வதையே கேட்கும். அதனால் அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தாலும் இந்தத் தவறு கண்ணில் படாது.

இப்போது நான் கேமரா ஐகானுக்கு மட்டும் கீ போடுகிறேன். அப்புறம் ஆப்ஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸில் விசிபிலிட்டி பகுதிக்குப் போய், 'ரெண்டர்ஸ்' மேல் வலது கிளிக் செய்து 'காப்பி ஆஸ் நியூ டிரைவர்', 'வியூபோர்ட்ஸ்' மேல் 'பேஸ்ட் டிரைவர்'. டிரைவர் என்றால் ஒரு மதிப்பை இன்னொன்றோடு கட்டிவைப்பது. அதன்பின் இரண்டும் சேர்ந்தே மாறும். ரெண்டருக்குப் போடும் முன் 95, 96 இரண்டு ஃபிரேமை மட்டும் எஃப்12 அழுத்திப் பாருங்கள். ஆறே நிமிடம்தான்.

கிராஃப் எடிட்டரில் (கீக்களின் மதிப்பைக் கோடாகக் காட்டும் இடம்) சரிபார்ப்பவர்கள் கவனிக்க: அங்கே 1 என்றால் மறைந்திருக்கிறது, 0 என்றால் தெரிகிறது. பலரும் இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு, சரியாக இருந்த கீயை மாற்றிக் கெடுத்துவிடுகிறார்கள்.

ஒரே ஒரு கீ போடுவது

96-இல் 'மறை' என்று மட்டும் போட்டால் 1-ஆம் ஃபிரேமிலிருந்தே மறைந்திருக்கும். 95-இல் 'தெரி' என்றும் ஒரு கீ வேண்டும்.

அளவைப் பூஜ்யமாக்கி மறைப்பது

பழைய குறுக்குவழி. இரண்டு கீக்கும் இடையே பொருள் சுருங்கிக்கொண்டே போவது தெரியும். டோப் ஷீட்டில் (எல்லாக் கீக்களையும் வரிசையாகக் காட்டும் இடம்) 'டி' (T) விசையை அழுத்தி 'கான்ஸ்டன்ட்' ஆக்கினால் சட்டென்று மறையும், உண்மைதான். ஆனால் மோஷன் பிளர் (அசைவில் வரும் மங்கல்) போட்டிருந்தால் அந்த ஃபிரேமில் ஓர் இழுவை விழும். பொருளைக் கேமராவுக்கு வெளியே தூக்கிப் போட்டு மறைத்தாலும் இதே கதைதான், இழுவை இன்னும் நீளமாக இருக்கும்.

பேரன்ட்டை மறைத்தால் பிள்ளைகளும் மறையும் என்று நினைப்பது

மறையாது. அந்தப் பானைக்கு ஒரு செவ்வந்தி மாலை போட்டு, பானையோடு பேரன்ட் செய்திருந்தேன், அதாவது பானை நகர்ந்தால் மாலையும் கூடவே நகரும்படி இணைத்திருந்தேன். பானையை ஒழுங்காக மறைத்த பிறகும் மாலை மட்டும் வட்டமாக அந்தரத்தில் நின்றது. பிள்ளைப் பொருள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கீயோ டிரைவரோ கொடுக்க வேண்டும்.

மெல்ல மறைய வைப்பது

இந்த ஐகான்களால் முடியாது. மெட்டீரியலின் ஆல்ஃபாவுக்கு (ஒளிபுகாத் தன்மை) கீ போடுங்கள்.