வேதியியல் துறை நூலகத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி?

பல்கலைக்கழக வேதியியல் நூலகம் ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் துறையின் பொன்விழா மலரிலிருந்தே தொடங்குகின்றனர். திறந்து வைத்தவரின் பெயரும் தேதியும் அதில் கிடைக்கும். நூலகம் எவ்வாறு வளர்ந்தது என்பது கிடைக்காது. ஆகவே, முதலில் நூல் சேர்க்கைப் பதிவேட்டை, அதாவது நூலகத்துக்கு வந்த ஒவ்வொரு நூலையும் வந்த வரிசையில் எண்ணிட்டுக் குறித்த ஏட்டை, கேட்டு வாங்குங்கள்.

பதிவேட்டிலுள்ள சேர்க்கை எண்ணையும் தேதியையும் நூலின் வெளியீட்டு ஆண்டோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஜெர்மானிய வேதியியலர் லீபிக்கின் ‘அன்னாலன்’ ஆய்விதழ் 1832 இல் தொடங்கியது. 1900க்குப் பின் அமைந்த நூலகத்தில் அதன் தொடக்கத் தொகுதிகள் அடுத்தடுத்த எண்களோடு பதிவாகியிருந்தால், அவை மொத்தமாக விலைக்கு வாங்கப்பட்டவையாகவோ, பேராசிரியர் ஒருவரின் சொந்தச் சேகரிப்பிலிருந்து வந்தவையாகவோ இருக்கும். எது என்பதை அட்டையின் உட்புறத்தில் உள்ள கையெழுத்தும் பழைய முத்திரையும் பல நேரங்களில் காட்டிக்கொடுத்துவிடும்.

போர்க்காலத் தொகுதிகளைத் தனியாகப் பாருங்கள். அமெரிக்க நூலகங்களில் இது மிகவும் பயன் தரும். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானிய அறிவியல் நூல்களை மறுபதிப்புச் செய்ய, எதிரி நாட்டவரின் சொத்துகளைக் கையகப்படுத்தி நிர்வகித்த அமெரிக்க அரசின் அன்னியச் சொத்துக் காப்பாளர் அலுவலகம் உரிமம் வழங்கியது. கரிம வேதியியலின் பெருங்கையேடான பைல்ஸ்டைனை, மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் இருந்த எட்வர்ட்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் அவ்வாறே அச்சிட்டது. சுமார் 2,000 டாலராக இருந்த அதன் விலை 400 டாலராக இறங்கியது. சிறிய கல்லூரிகளும் அதை வாங்க முடிந்ததற்கு இதுவே காரணம். மறுபதிப்பிலும் பெர்லின் பதிப்பகத்தின் பெயர் காணப்படலாம் என்பதால், தலைப்புப் பக்கத்தைப் புரட்டி, பின்பக்கத்தில் உரிமக் குறிப்பு உள்ளதா என்று பார்க்காமல் ஆண்டைக் குறிக்காதீர்கள்.

நூலகத்தைத் துறையின் ஆய்வோடு இணைத்தும் பார்க்க வேண்டும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1907 இல் வேதியியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற வில்லியம் நாய்ஸ், அதே ஆண்டில் தொடங்கிய ‘கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ இதழின் முதல் ஆசிரியரும் ஆவார். முதலாண்டில் ஏறக்குறைய 12,000 கட்டுரைச் சுருக்கங்களை வெளியிட்ட அவ்விதழ், 1909 இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்தது. இத்தகைய தொடர்பு எதுவும் சேர்க்கைப் பதிவேட்டில் இராது; துறையின் ஆண்டறிக்கைகளிலும் கடிதக் கோப்புகளிலும்தான் தேட வேண்டும்.

கடைசிப் பகுதியை எழுதுவதற்கு அவகாசம் குறைவு. பைல்ஸ்டைனின் அச்சுப் பதிப்பு 1998 இலும், கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸின் அச்சுப் பதிப்பு 2009 ஆம் ஆண்டோடும் நின்றுவிட்டன. அதன்பின் அடுக்குகள் காலியாவதும் துறை நூலகங்கள் மைய நூலகத்தோடு இணைக்கப்படுவதும் பல இடங்களில் வேகமாக நடக்கின்றன. கழிக்கப்பட்ட நூல்களின் பட்டியலைப் படியெடுத்து வையுங்கள். பழைய பதிவேடுகளைப் பழைய தாள்களோடு எடைக்குப் போடும் முன்பே பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் சேர்க்கச் சொல்லி எழுத்துப்பூர்வமாக விண்ணப்பியுங்கள்.