நெட்வொர்க் ரேக்குக்கு கரண்ட் கொடுப்பது எப்படி: முதலில் எர்த், பிறகுதான் பவர் சப்ளை

நெட்வொர்க் ஸ்விட்சின் தகரப் பெட்டியில் புறங்கை படும்போது சுருக்கென்கிறதா? பவர் சப்ளை போய்விட்டது என்று கழற்ற வேண்டாம். அனேகமாக அது நன்றாகத்தான் இருக்கிறது, எர்த் தான் வந்து சேரவில்லை. இந்தக் கருவிகளில் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். வகைப் பவர் சப்ளை ஒவ்வொன்றின் வாசலிலும் இரைச்சலை வடிகட்டச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்து பெட்டிக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு. எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் பெட்டி 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் பக்கம் மிதக்கும். கை வைத்தவருக்கு ஒரு சுருக், லேப்டாப்பை இணைத்து ஸ்விட்சை அமைக்கும் கன்சோல் போர்ட்டுக்கு அதுவே முடிவு. ஈதர்நெட் போர்ட்டில் 1500 வோல்ட் தாங்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. கன்சோல், யு.எஸ்.பி. போர்ட்டுகளில் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. லேப்டாப்பைச் செருகிய நொடியில் கன்சோல் போர்ட் எரிவது இப்படித்தான்.

ஒரு சிறிய ஊரில் கேபிள் மற்றும் பிராட்பேண்ட் நடத்துபவரின் அறையை எடுத்துக்கொள்வோம். கருவிகளை அடுக்கும் இரும்புச் சட்டமான ரேக்கில் 24 போர்ட் பி.ஓ.இ. ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்ட்டும் கொடுப்பது), இரட்டைப் பவர் சப்ளை உள்ள ரூட்டர், மைனஸ் 48 வோல்ட்டில் ஓடும் ஓ.எல்.டி. (வாடிக்கையாளர்களின் ஃபைபர் லைன்கள் வந்து சேரும் கருவி) ஆகிய மூன்றும் இருக்கின்றன. மெயின் போர்டு வேலையை உரிமம் பெற்ற வயர்மேன் செய்யட்டும். அவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கவும், செய்ததைச் சரிபார்க்கவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு கரண்ட்

பி.ஓ.இ. ஸ்விட்சை எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் என்றால் 24 போர்ட்டுக்கு 370 வாட். ஸ்விட்சின் சொந்தச் செலவு, சப்ளையில் வெப்பமாகப் போவது எல்லாம் சேர்த்தால் 480 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டருக்கு 150, ஓ.எல்.டி.க்கு 100. ஆக 730 வாட், 230 வோல்ட்டில் 3.2 ஆம்பியர். இதற்கு 1 கே.வி.ஏ. யு.பி.எஸ். இறுக்கமாக இருக்கும், 2 கே.வி.ஏ. நிம்மதி. சதுர அலை இன்வெர்ட்டர் மட்டும் வேண்டாம். பவர் ஃபாக்டர் திருத்தம் உள்ள சப்ளைகள் அதில் கத்தும், சூடாகும், சில நேரம் கிளம்பவே கிளம்பாது.

3 ஆம்பியர்தானே என்று, சீக்கிரம் விழும் பி வகை எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச்) போட்டுவிடாதீர்கள். போன கரண்ட் திரும்பி வரும்போது எல்லாச் சப்ளையின் கெப்பாசிட்டர்களும் ஒரே நேரத்தில் நிரம்பும். சில மில்லி செகண்டுக்குப் பல மடங்கு ஆம்பியர் பாயும், அதில் பி வகை விழுந்துவிடலாம். 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி., 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் ஒயர் போதும்.

இரட்டைச் சப்ளை ரூட்டருக்கு ஏ, பி என்று இரண்டு தனித்தனி லைன் கொடுங்கள். இரண்டு பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் இரண்டாவது சப்ளைக்குக் கொடுத்த காசு வீண். ஒன்று யு.பி.எஸ்.ஸிலிருந்து, மற்றது இன்னொரு யு.பி.எஸ்.ஸிலிருந்து வரட்டும். இன்னொன்று இல்லையென்றால் ஸ்டெபிலைசர் வழியாக நேரடி ஈ.பி. லைனிலிருந்து எடுக்கலாம். ஒன்று விழுந்தால் மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டும். அதனால் சாதாரண நாளில் ஒவ்வொன்றும் தன் திறனில் 40 சதவீதத்துக்குள் ஓட வேண்டும்.

எர்த் எங்கிருந்து வருகிறது

தமிழ்நாட்டில் சின்னக் கட்டடங்களுக்கு ஈ.பி. கொடுப்பது ஃபேஸும் நியூட்ரலும்தான். எர்த் பிட் (எர்த்துக்கான குழி) உங்கள் பொறுப்பு. வழக்கமான பைப் எர்த் என்பது 2.5 மீட்டர் ஜி.ஐ. பைப், சுற்றிலும் கரியும் உப்பும், கட்டடச் சுவரிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி. கோடையில் மண் காய்ந்திருக்கும்போது எர்த் டெஸ்டரால் அளந்து 5 ஓமுக்குள் வந்தால் இந்த அளவு அறைக்கு நல்லது. ஐப்பசி மழையில் அளந்த எண்ணை நம்பாதீர்கள்.

5 ஓம் நல்ல எர்த் என்றாலும் அது மட்டும் உயிரைக் காக்காது. ஃபேஸ் ஒயர் பெட்டியில் உரசிவிட்டது என்று வையுங்கள். 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஆம்பியர். 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். எம்.சி.பி. பல விநாடி யோசிக்கும், அதுவரை பெட்டியில் கரண்ட் இருக்கும். ஆகவே, கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஏ லைனுக்கு ஒன்று, பி லைனுக்கு ஒன்று, இரண்டும் 30 மில்லி ஆம்பியர். ஒரே ஆர்.சி.சி.பி.யில் பத்துப் பதினைந்து கருவிகளை ஏற்றினால் எல்லாருடைய கசிவும் கூடி, காரணமே தெரியாமல் நள்ளிரவில் விழும். சாதாரணக் கசிவு 9 மில்லி ஆம்பியரைத் தாண்டாமல் பிரித்துப் போடுங்கள்.

அடுத்தது, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பெரிய தவறு: “கம்ப்யூட்டருக்குத் தனி எர்த்”. தனி பிட் தோண்டலாம், தப்பில்லை. ஆனால் அதைக் கட்டடத்தின் எர்த்தோடு இணைக்காமல் விட்டால் பக்கத்தில் இடி விழும்போது இரண்டு பிட்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம் உங்கள் ஸ்விட்ச் வழியாகத்தான் சமனாகும். ரேக், யு.பி.எஸ்., மொட்டைமாடி ஆன்டெனாக் கம்பம், ஃபைபரின் இரும்புக் கவசம் எல்லாவற்றின் வோல்ட்டேஜும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டும். எத்தனை பிட் இருந்தாலும் எல்லாவற்றையும் குறைந்தது 16 ஸ்கொயர் காப்பரால் மெயின் எர்த் பாரில் (எல்லா எர்த் ஒயரும் வந்து சேரும் உலோகப் பட்டையில்) சேர்த்துவிடுங்கள்.

பிளக்கைச் செருகும் முன் மூன்று அளவு

சாக்கெட்டில் மல்டிமீட்டர் வையுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 அருகில். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 3 வோல்ட்டுக்குள்.

ஃபேஸ்-எர்த் 100 சொச்சம் காட்டினால் எர்த் ஒயர் எங்கோ அறுந்து மிதக்கிறது. நியூட்ரல்-எர்த் 5-ஐத் தாண்டினால் நியூட்ரல் ஜாயின்ட் லூஸ், அல்லது அதில் சுமை அதிகம். சுமை ஓடும்போதும் துல்லியமாக 0.0 என்றால் சந்தேகப்படுங்கள், யாரோ சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் முறுக்கி வைத்திருக்கலாம். அந்த நியூட்ரல் ஒருநாள் விட்டுப்போனால் ரேக் முழுக்க 230 வோல்ட் ஏறும்.

மல்டிமீட்டர் மிகக் குறைந்த கரண்டில் அளப்பதால், ஒற்றை இழையில் தொங்கும் எர்த்தையும் நல்லது என்று சொல்லிவிடும். எர்த் பாதை முழுவதையும் சோதிக்கும் லூப் டெஸ்டர் இருந்தால் அதில் பாருங்கள். யு.பி.எஸ். அவுட்புட்டில் இதே மூன்று அளவையும் இருமுறை எடுக்க வேண்டும்: ஈ.பி. இருக்கும்போது ஒருமுறை, இன்புட்டை அணைத்து பேட்டரியில் ஓடும்போது ஒருமுறை. சில யு.பி.எஸ்.களில் இன்புட் நியூட்ரல் துண்டானதும் அவுட்புட் நியூட்ரல் மிதக்கத் தொடங்கும். அதற்கான தீர்வு அந்த யு.பி.எஸ். கையேட்டில் இருக்கும். நீங்களாக ஜம்பர் போடக் கூடாது.

ரேக்கில் லக் பிடிப்பது

ரேக்கின் பவுடர் பெயின்ட் நல்ல இன்சுலேட்டர். அதன்மேல் போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் எர்த் ஆகாது. லக் (ஒயர் முனையில் மாட்டும் துளையுள்ள உலோகத் துண்டு) உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். துரு ஏறாமலிருக்க ஆக்சிஜன் தடுப்புப் பசை மெலிதாகப் பூசி, லக், ஸ்டார் வாஷர், நட் என்ற வரிசையில் இறுக்குங்கள். கதவுகளின் கீலை எர்த்துக்கு நம்ப முடியாது, ஒவ்வொரு கதவுக்கும் பின்னல் காப்பர் ஜம்பர் வேண்டும்.

லக்கின் குழாய் ஆழத்துக்குச் சரியாக இன்சுலேஷனை உரியுங்கள். ஒயரின் ஓர் இழைகூட வெட்டுப்படக் கூடாது, வெளியே நிற்கவும் கூடாது. ஒயர் அளவுக்கேற்ற பள்ளத்தில் வைத்து கிரிம்பிங் டூலால் அழுத்தி, கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக் முதல் நாள் நன்றாக இருக்கும், ஒரு வருடத்தில் கறுத்துப்போகும்.

ரேக்கின் எர்த் பாரிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் தனி ஒயர் போகட்டும். சிறிய ஸ்விட்சுக்கு 6 ஸ்கொயர், பெரிய சேஸிஸுக்கு (கருவிப் பெட்டிக்கு) 16 ஸ்கொயர் இரட்டைத் துளை லக். ஸ்க்ரூ அளவையும் முறுக்கையும் கருவியின் கையேடு சொல்லும். ஸ்விட்சிலிருந்து ரூட்டருக்கு, ரூட்டரிலிருந்து ஓ.எல்.டி.க்கு என்று சங்கிலியாகக் கோக்காதீர்கள். நடுவில் ஒன்றைக் கழற்றினால் அதற்கப்பால் உள்ளதெல்லாம் அநாதை.

சப்ளையைப் பொருத்துவது

எர்த் முதலில் மாட்டி, கடைசியில் கழற்ற வேண்டியது. அதை மாட்டிய பிறகே சப்ளை மாட்யூலை ஸ்லாட்டில் நேராகத் தள்ளுங்கள். கிளிக் சத்தம் கேட்க வேண்டும், கோணலாகத் திணித்தால் பின்பக்கக் கனெக்டர் பின் வளையும். பிறகு பவர் கார்டு, அதன் பிடி கிளிப், கடைசியாக எம்.சி.பி. காலி ஸ்லாட்டில் மூடித் தகடு இல்லையென்றால் காற்று குறுக்கு வழியில் போய் உள்ளே சூடு ஏறும்.

ஓ.எல்.டி.யின் 48 வோல்ட் பக்கம் வேறு உலகம். அங்கே பாசிட்டிவ்தான் எர்த் செய்யப்பட்டிருக்கும். ஈர மண்ணில் புதைந்த காப்பர் கேபிள் மண்ணைவிட நெகட்டிவாக இருந்தால் அரிக்காது என்பதால் டெலிபோன் காலத்திலேயே வந்த வழக்கம் அது. ஒயர் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மீட்டரின் கறுப்பு முனையை எர்த் பாரிலும் சிவப்பு முனையை ஒயரிலும் வையுங்கள். மைனஸ் 54 பக்கம் (பேட்டரி சார்ஜில் இருப்பதால் 48-ஐவிட அதிகம்) காட்டுவது நெகட்டிவ், பூஜ்யம் காட்டுவது ரிட்டர்ன். பிரேக்கரை அணைத்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகு எர்த், ரிட்டர்ன், நெகட்டிவ் என்ற வரிசையில் இணையுங்கள். கழற்றும்போது தலைகீழ். ரிட்டர்னை, ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபயர் இருக்கும் இடத்தில் மட்டுமே எர்த் செய்ய வேண்டும். ரேக்கிலும் செய்தால் சுமைக் கரண்ட் எர்த் ஒயரில் ஓடத் தொடங்கும்.

டி.சி.க்கு டி.சி. மதிப்பு அச்சிட்ட பிரேக்கரே வேண்டும். ஏ.சி. கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி அணையும். டி.சி.யில் அந்த வாய்ப்பே இல்லை, பொறி நின்று எரியும். தூரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்: 10 ஆம்பியர் இழுக்கும் சேஸிஸ் 10 மீட்டர் தள்ளி இருந்தால் 2.5 ஸ்கொயர் ஒயரில் போக வர 1.5 வோல்ட் கரைந்துவிடும், 6 ஸ்கொயரில் 0.6. பேட்டரி 43 வோல்ட்டுக்கு இறங்கும் கடைசி அரைமணியில் கருவி ஓடுமா, அணையுமா என்பதை இந்த ஒரு வோல்ட்தான் முடிவு செய்யும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், வாடிக்கையாளர் குறைவாக இருக்கும் விடிகாலையில், ரூட்டரின் ஏ பிளக்கைப் பிடுங்குங்கள். பத்து நிமிடம் பி மட்டும் தாங்குகிறதா, அதன் ஆம்பியர் ஏறக்குறைய இரட்டிப்பாகிறதா என்று கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். ஏ-வை மாட்டி, விளக்கு பச்சையானதும் பி-யைப் பிடுங்குங்கள். பிறகு இரண்டு ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஒரு மாதம் கழித்து எல்லா லக்கையும் ஒரு சுற்று இறுக்கிப் பார்த்து, அன்றைய தேதியைப் பெயின்ட் பேனாவால் எர்த் பார் பக்கத்தில் எழுதி வையுங்கள்.