எக்ஸோசோம் ஊசி போடலாம்னு யாராச்சும் சொன்னா என்ன செய்யணும்

பனையில இருந்து விழுந்து முதுகுத்தண்டுல அடிபட்டவங்க, நாலுவழிச்சாலையில பைக்கோட சறுக்கி தலையில அடிபட்டவங்க இல்லாத ஊரு திருநவேலி பக்கம் கிடையாது. அந்த வீட்டுக்காரங்க போனுக்குத்தான் இப்பம் "எக்ஸோசோம் ஊசி போட்டா நரம்பு திரும்ப வளரும், எந்திரிச்சு நடப்பாரு"ன்னு விளம்பரம் வருது. நகையை அடகு வைக்கதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிச்சிருங்க.

மொதல்ல இது என்னன்னு பாத்துருவோம். நம்ம உடம்புல இருக்க செல்லுங்க எல்லாம் குட்டிக்குட்டி பையா வெளிய விட்டுக்கிட்டே இருக்கும், உள்ள புரோட்டீன், ஆர்என்ஏ எல்லாம் இருக்கும், இன்னொரு செல்லு அதை வாங்கி அதுக்கேத்த மாதிரி வேலை செய்யும். அதுல ரொம்பச் சின்ன வகைதான் எக்ஸோசோம், 30ல இருந்து 150 நானோமீட்டர், 100 நானோமீட்டர் பையை வரிசையா 10,000 அடுக்குனாத்தான் 1 மில்லிமீட்டரே வரும். எலும்பு மஜ்ஜையில எடுத்த ஸ்டெம் செல்லை (பெருகி வேற வகை செல்லாவும் மாறக்கூடிய மூலச் செல்லு) லேப்ல வளத்து, அது விடுத பையை மட்டும் பிரிச்சு, தலையில அடிபட்ட எலிக்கு ரத்தத்துல ஏத்திப் பாத்தாங்க, மூளையில அழற்சி குறைஞ்சு நடமாட்டமும் ஞாபகமும் தேறிச்சு. செல்லையே ஏத்துனா அது பெருகி கட்டியாயிருமோங்கிற பயம் உண்டு, பை பெருகாது, அதனாலதான் விஞ்ஞானிகளுக்கு இதுமேல இவ்வளவு ஆசை. எனக்கும் நம்பிக்கை இருக்கு. ஆனா மனுசனுக்கு இது இன்னும் சோதனைக் கட்டத்துலதான் நிக்கி. நெப்ராஸ்காவுல இந்த ஊசி போட்டவங்களுக்கு மோசமான பாதிப்பு வந்து, அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019 டிசம்பர்ல எச்சரிக்கையே விட்டுச்சு.

அதனால யாரு ஊசி போடுதேன்னு சொன்னாலும் சிடிஆர்ஐ, அதாவது இந்திய மருந்து சோதனைப் பதிவேட்டு நம்பர் கேளுங்க. இந்தியாவுல மனுசங்க மேல நடக்குத மருந்து சோதனையெல்லாம் அந்தப் பதிவேட்டுல இருக்கணும், யாரும் நெட்ல ஓசியிலயே பாக்கலாம். நம்பர் குடுத்தாங்கன்னு விட்ராதீங்க, அதைப் போட்டுத் தேடி மூணு எடத்தைப் பாருங்க: எந்த நோய்க்கான சோதனை, எந்தெந்த ஆஸ்பத்திரியில நடக்கு, எத்திக்ஸ் கமிட்டி (சோதனை நியாயமா நடக்கான்னு பாக்குத குழு) ஒப்புதல் இருக்கா. மூட்டுவலிக்குப் பதிஞ்ச நம்பரைக் காட்டி முதுகுத்தண்டுக்கு ஊசி போடுதேம்பாங்க, அங்கனயே எந்திரிச்சு வந்துருங்க.

அடுத்தது காசு. வழக்கமான வைத்தியத்துக்கு மேல, ஆராய்ச்சிக்காக ஆகுற செலவை நோயாளி தலையில கட்டக்கூடாதுன்னு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதல்லயே இருக்கு. சோதனையால உடம்புக்கு ஏதும் ஆச்சுன்னா இலவச வைத்தியமும் நஷ்டஈடும் தரணும்னு மருந்து சோதனைக்கான 2019 விதி சொல்லுது, ஒப்புதல் பத்திரத்துல அது இருக்கான்னு வாசிங்க, தமிழ்ல கேட்டு வாங்குங்க. லட்சக்கணக்குல பேக்கேஜ் பேசுனா அது சோதனை இல்ல, யாவாரம்.

அந்த விளம்பரத்தை எடுத்துக்கிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போயி நரம்பியல் டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க, எம்ஆர்ஐ படத்தையும் கையோட கொண்டு போங்க.

இதுக்கு நடுவுல பிசியோதெரபியை மட்டும் நிப்பாட்டிராதீங்க. தென்காசி பக்கம் ஆய்க்குடியில அமர் சேவா சங்கம் இருக்கு, 1981ல இருந்து நடக்கு, முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கு அங்க மறுவாழ்வுப் பயிற்சி உண்டு. எந்திரிக்க முடியாம படுத்திருக்கவங்களுக்குப் படுக்கைப்புண் வராம இருக்க, வீட்டுல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைங்க, ராத்திரியும்தான், இடுப்புக்குக் கீழ செவப்பா தடம் விழுந்திருக்கான்னு தெனமும் பாருங்க, விழுந்திருந்தா அந்தப் பக்கம் படுக்க வைக்காம டாக்டர்ட்ட காட்டிருங்க.