இரண்டு பேர் வந்தாலும் எட்டுப் பேர் வந்தாலும் டிராஃப்ட் ஆடலாம்

சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எட்டுப் பேரை ஒரே மேசையில் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒருத்தனுக்கு ஓவர்டைம், ஒருத்தனுக்கு எஸ்.பி.எம். டியூஷன், இன்னொருத்தனைக் கோயில் வேலைக்கு அப்பா இழுத்துக்கொண்டு போயிருப்பார். புலனக் குழுவில் எல்லாரும் கட்டைவிரல் காட்டுவார்கள். மூன்று மணிக்கு மழை பிடித்தால் மோட்டாரில் வருகிற அத்தனை பேரும் காணாமல் போவார்கள். ஆனால் மேஜிக் என்கிற கார்டு விளையாட்டை ஆடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்: டிராஃப்ட் (மேசையிலேயே கார்டு பொறுக்கி ஆடுகிற முறை) என்றால் எட்டுப் பேர், ஆளுக்கு மூன்று பூஸ்டர், அதாவது கடையில் விற்கிற கார்டுப் பாக்கெட், என்றுதான் சொல்லிக்கொடுப்பார்கள். ஐந்து வருஷமாக என் வீட்டுப் போர்ச்சில் ஆட்டம் நடக்கிறது. எட்டுப் பேர் சேர்ந்தது தீபாவளிக்கு மறுநாள்களில் மட்டும்தான், அதுவும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற பையன்கள் ஊருக்கு வந்ததால்.

நான் செம்பனை ஆலையில் எடைப்பாலத்துக் கிராணி. கார்டெல்லாம் என் அக்கா மகனுடையவை. வேலைக்குச் சிங்கப்பூர் போகும்போது, "சித்தி, தூக்கிப் போட்டுடாதீங்க" என்று இரண்டு அட்டைப்பெட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். விலை போகிற கார்டை எல்லாம் முன்கூட்டியே விற்றுவிட்டான், கெட்டிக்காரன். மிச்சம் இருந்தது அத்தனையும் காமன், அப்போது பூஸ்டருக்குப் பத்து என்று வந்த சாதாரணக் கார்டுகள். டிராஃப்டுக்கு அதுவே தாராளம் என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது.

புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும்: வழக்கமான ஆட்டத்தில் வீட்டிலேயே ஒரு கட்டு தயார் செய்துகொண்டு வருவோம். காசு உள்ளவன் கட்டு பலமாக இருக்கும். டிராஃப்டில் யாரும் எதையும் கொண்டுவருவதில்லை. மேசையில் ஆளுக்கொரு சின்னக் கட்டைப் பிரித்து, ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்து ஆளிடம் தள்ளுகிறோம். அப்படிச் சேர்ந்ததை வைத்து அங்கேயே 40 கார்டுக் கட்டு கட்டி ஆடுகிறோம். லயத்துப் பையனும் டாக்டர் மகனும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது. இன்னொன்று, வாயில் 'கார்டு' என்றே வரட்டும். நான் ஒரு தடவை 'சீட்டு' என்று சொல்லிவிட, எதிர்வீட்டு அத்தை ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதலில் பெட்டி. இதை கியூப் என்பார்கள். நாமே பொறுக்கிச் சேர்த்து, திரும்பத் திரும்ப ஆடுகிற கார்டுக் குவியல். 360 கார்டு வேண்டும். ஆளுக்கு 45 வீதம் எட்டுப் பேருக்குச் சரியாக வரும். வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை ஐந்துக்கும் 60 வீதம் 300. நிறமில்லாதவை 40. இரண்டு நிறம் கலந்தவை 20, அதாவது பத்து ஜோடிக்கும் இரண்டிரண்டு. ஒரே கார்டு இரண்டு தடவை வேண்டாம். ஒவ்வொரு 60-லும் பாதிக்கு மேல் கிரீச்சர், அதாவது சண்டை போடுகிற ஆள் கார்டு, இருக்கட்டும், எதிரியின் கிரீச்சரை ஒழிக்கிற கார்டு குறைந்தது பத்து இருக்கட்டும். நான் முதலில் கட்டிய பெட்டியில் ஒழிக்கிற கார்டு போதவில்லை. இரண்டு பக்கமும் கிரீச்சரை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு, ஒரு ஆட்டம் முக்கால் மணி நேரம் இழுத்தது. பிறகு லைட்னிங் போல்ட், டூம் பிளேட், பசிஃபிசம் மாதிரி கார்டுகளைத் தேடிச் சேர்த்தேன். இன்னொரு கார்டு கூட இருந்தால்தான் வேலை செய்யும் என்கிற கார்டைச் சேர்க்காதீர்கள். அந்த இன்னொன்று யார் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

லேண்ட் கார்டு தனி. மற்றக் கார்டுகளை இறக்கத் தேவையான மானா என்கிற சக்தியைத் தருவது இதுதான். நிறத்துக்கு 40 வீதம் ஐந்து கட்டு, ரப்பர் பேண்ட் போட்டு ஓரமாக வைத்துவிடுங்கள். அவற்றை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டாம், கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். எல்லாக் கார்டுக்கும் ஒரே நிற ஞெகிழி உறை போடுங்கள், பின்பக்கம் ஊடுருவித் தெரியாத உறை. நம் ஊர் ஈரத்துக்கு மினுமினுக்கிற ஃபாயில் கார்டு வாழைப்பட்டை மாதிரி வளைந்துவிடும். தாள் ஈரத்தைக் குடிக்கும், மேலே இருக்கிற மினுக்குப் படலம் குடிக்காது, அதனால் வருகிற வளைவு. உறைக்குள்ளேயும் வளைவு தெரியும். குலுக்கும்போது அது எந்தக் கார்டு என்று கண்ணுள்ளவன் கண்டுபிடித்துவிடுவான். என் பெட்டியில் ஃபாயிலே கிடையாது.

இனி எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

ஐந்து முதல் எட்டுப் பேர் என்றால் ஊரறிந்த முறைதான். ஆளுக்கு 15 கார்டில் மூன்று கட்டு. முதல் கட்டை இடப்பக்கம் தள்ளுங்கள், இரண்டாவதை வலப்பக்கம், மூன்றாவதைத் திரும்ப இடப்பக்கம். பேச்சு கூடாது. எடுத்த கார்டைக் கவிழ்த்து வையுங்கள். எதை எடுப்பது? நான் பையன்களுக்குச் சொல்கிற வரிசை: ஒழிக்கிற கார்டு, பறக்கிற கிரீச்சர், அதற்குப் பிறகு இரண்டு மானாவுக்கு இறங்குகிற உருப்படியான கிரீச்சர். படம் அழகாக இருக்கிறது என்று ஏழு மானா டிராகனை முதலில் பிடுங்குகிறவன் அன்றைக்குத் தோற்பான். அவனாகத் தோற்றுப் பார்க்காமல் இதை நம்பவும் மாட்டான், எனவே நான் தடுப்பதில்லை.

முதல் நான்கைந்து எடுப்பு வரைக்கும் நிறத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அதற்கப்புறம் கை நீட்டுவதை நிறுத்தி, கண்ணால் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வாளி உங்கள் இலைக்கு வரும்போது அடியில் முருங்கைக்காய் மிதந்தால், முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு முருங்கைக்காய் ஆகாது என்றுதானே அர்த்தம்? கட்டும் அப்படித்தான். ஆறாவது எடுப்பில் நல்ல பச்சைக் கார்டு வந்தால், வலப்பக்கத்து ஆள்கள் பச்சை எடுக்கவில்லை.

என் வேலையிலிருந்து ஒரு வித்தை சொல்கிறேன். பழக்குலை ஏற்றின லாரி ஆலைக்குள் வரும்போது ஒரு எடை, கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஒரு எடை. லாரிக்குள் நான் எட்டிப் பார்ப்பதில்லை, இரண்டு எடையின் வித்தியாசம் எனக்கு எல்லாம் சொல்லிவிடும். எட்டுப் பேர் மேசையில் நீங்கள் முதலில் பிரித்த கட்டு ஒன்பதாவது எடுப்பில் உங்களிடமே திரும்பி வரும், 7 கார்டோடு. போன தீபாவளிக்கு நான் பிரித்த முதல் கட்டில் டூம் பிளேடை எடுத்தேன். தள்ளிவிடும் முன்பு பச்சையில் நல்லதாக மூன்று கார்டு போகிறது என்று மனசில் எழுதிக்கொண்டேன்: லானவார் எல்வ்ஸ், ஜயண்ட் குரோத், நாலு மானா ஆள் ஒன்று. திரும்பி வந்தபோது லானவார் எல்வ்ஸும் அந்த நாலு மானா ஆளும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேர் பார்த்திருக்கிறார்கள், இரண்டு நல்ல பச்சைக் கார்டை யாரும் தொடவில்லை. அன்றைக்கு நான் கறுப்பும் பச்சையும். கட்டில் 15 கார்டையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். எடுக்காமல் விட்ட நல்ல மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள், போதும்.

நான்கு பேர்தான் எங்கள் சராசரி ஞாயிறு. நான்கு பேருக்கு 15 கார்டுக் கட்டு சரிப்படாது, ஒரே கட்டு நான்கு சுற்று வந்து எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். 9 கார்டில் ஐந்து கட்டாகப் பிரித்துக் கொடுங்கள். ஆளுக்கு அதே 45-தான். பெட்டியில் பாதி வெளியே வராமல் கிடக்கும், எந்தப் பாதி என்று யாருக்கும் தெரியாது. மூன்று பேர் என்றால் எங்கள் வீட்டு முறை ஒன்று உண்டு: ஆளுக்கு 10 கார்டில் ஒன்பது கட்டு, ஒவ்வொரு தடவையும் ஒன்றை எடு, ஒன்றைக் கவிழ்த்துக் கழி. பக்கத்து ஆளுக்கு எது போகக்கூடாதோ அதைக் கழிப்பதில் பையன்களுக்குத் தனி ஆனந்தம்.

இரண்டே பேர் வந்தால் ஆட்டம் இல்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். என்னைக் கேட்டால் இரண்டு பேர் டிராஃப்ட்தான் ருசி. 1993-இல் வந்த இந்த விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டே இரண்டு பேருக்கென்று வின்ஸ்டன் டிராஃப்ட் என்று ஒன்றை அமைத்திருக்கிறார். பெட்டியிலிருந்து 90 கார்டை எண்ணிக் குலுக்கிக் கவிழ்த்து வையுங்கள். அதிலிருந்து மூன்று கார்டை மூன்று குவியலாகக் கவிழ்த்து வையுங்கள். உங்கள் முறை வந்தால் முதல் குவியலை நீங்கள் மட்டும் பாருங்கள். பிடித்திருந்தால் குவியலோடு எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் பெரிய கட்டிலிருந்து ஒரு கார்டு வைத்துவிடுங்கள், முறை முடிந்தது. பிடிக்கவில்லையா, திருப்பி வைத்து அதன் மேல் பெரிய கட்டிலிருந்து இன்னொரு கார்டைப் பார்க்காமல் வைத்துவிட்டு இரண்டாவது குவியலுக்குப் போங்கள். அதுவும் வேண்டாமென்றால் அதன் மேலும் ஒன்று, பிறகு மூன்றாவது. மூன்றையும் வேண்டாமென்று சொன்னால், மூன்றாவதின் மேலும் ஒன்று வைத்துவிட்டு, பெரிய கட்டின் மேல் கார்டு எதுவோ அதுதான் உங்களுக்கு.

இதில் விஷயமே அந்தக் குவியல் வளர்வதுதான். முதல் குவியலில் ஒரே ஒரு உதவாத நீலக் கார்டு. வேண்டாம் என்று வைக்கிறீர்கள். எதிராளியும் வேண்டாம் என்கிறாள். அடுத்து நீங்கள் பார்க்கும்போது அது மூன்று கார்டு, நடுவில் ஒரு லைட்னிங் போல்ட். நான்காவது வரட்டும் என்று காத்திருக்கலாம், அவள் விடுவாளா? எங்கள் ஆலை மேற்பார்வையாளர் மகள், படிவம் நான்கு, என்னோடு வின்ஸ்டன் ஆடும்போது குவியலைப் பார்த்துவிட்டு முகத்தில் ஒன்றும் காட்டமாட்டாள். ஆனால் நல்ல கார்டு இருந்தால் திருப்பி வைக்கும்போது ஓரத்தை ஒழுங்காகத் தட்டி அடுக்குவாள். இரண்டு மாதம் அதை வைத்தே ஜெயித்தேன். இப்போது வேண்டுமென்றே எல்லாவற்றையும் தட்டி அடுக்குகிறாள்.

நேரம் குறைவென்றால் கிரிட் டிராஃப்ட். 9 கார்டை மூன்றுக்கு மூன்றாக விரித்துப் பரப்புங்கள். ஒருத்தர் ஒரு வரிசையோ ஒரு பத்தியோ எடுக்க, மற்றவர் மிச்சத்தில் ஒரு வரிசையோ பத்தியோ எடுக்க, பாக்கியைத் தள்ளிவிட்டு மறுபடி ஒன்பது. 18 தடவை, யார் முதலில் என்பதை மாற்றி மாற்றி. சாலமன் டிராஃப்டில் 8 கார்டை விரித்து ஒருத்தர் இரண்டு பங்காகப் பிரிக்க வேண்டும், மற்றவர் எந்தப் பங்கு வேண்டும் என்று சொல்வார். பலகாரத்தை அண்ணன் வெட்டினால் தம்பி முதலில் எடுப்பான் என்று நம் அம்மாமார் வைத்த சட்டமேதான். நாலுக்கு நாலாகப் பிரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு நல்ல கார்டை ஒரு பக்கம், ஏழு சுமாரை மறுபக்கம் வைத்துப் பாருங்கள், எதிராளி படும் பாடு தெரியும்.

புதுப் பிள்ளைகள் வந்த அன்றைக்கு நான் ராச்செஸ்டர் போடுவேன். மேஜிக்கின் பழைய புரோ டூர் தொழில்முறைப் போட்டிகளில் ஆடிய முறை. கட்டைப் பிரித்து எல்லாக் கார்டையும் எல்லாரும் பார்க்க விரித்து வைத்து, முறை வைத்து ஒவ்வொன்றாக எடுப்பது. கடைசி ஆள் இரண்டு எடுத்ததும் வரிசை திரும்பி வரும். நேரம் எடுக்கும்தான். ஆனால் "ஏன் அதை எடுத்தே?" என்று வாய்விட்டுக் கேட்டுச் சொல்லிக்கொடுக்க இதை விட்டால் வேறு வழி இல்லை.

போக்கிமோன் கார்டு மட்டும் வைத்திருக்கிற சின்னப் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். அவர்களுக்கும் முடியும்: 60-க்குப் பதில் 40 கார்டுக் கட்டு, ஜெயிக்க எடுத்து முடிக்க வேண்டிய ஆறு பரிசுக் கார்டுக்குப் பதில் நாலு. பரிணாமம் அடைகிற போக்கிமோனின் அடிப்படைக் கார்டில் இரண்டு மூன்று பிரதி போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் மேல்நிலைக் கார்டு கையில் செத்துக் கிடக்கும்.

எடுத்து முடிந்ததும் கட்டு கட்டுவது. 17 லேண்ட், 23 மற்றவை. அந்த 23-இல் பதினைந்து பதினாறு கிரீச்சர். இரண்டு நிறம் போதும். எல்லாமே நல்ல கார்டு என்று 45-ஐயும் மூன்று நிறத்தில் சேர்த்துக்கொண்டு, 12 லேண்டோடு உட்கார்ந்தான் ஒரு பையன். ஆறு முறை வரைக்கும் ஒன்றும் இறக்க முடியாமல் கையில் விசிறி மாதிரி பிடித்துக்கொண்டிருந்தான். 22 சுமார் கார்டும் ஒரு நல்ல கார்டும் ஒழுங்காக இறங்கினால் ஜெயித்துவிடும். எந்த நிறம் அதிகமோ அதற்கு 9 லேண்ட், மற்றதற்கு 8.

வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு, எல்லாரும் பணம் போட்டு ஈப்போவில் நிஜப் பூஸ்டர் வாங்குவோம். ஆளுக்கு மூன்று பாக்கெட்டுக்கு ஆகிற வெள்ளியில் வீட்டுக்கு ஒரு வாரத்து மீன் வாங்கலாம், அதனால் வருஷத்துக்கு ஒன்றுதான். 2024 தொடக்கத்திலிருந்து பூஸ்டரில் 15 இல்லை, 14 கார்டு. பிரிப்பதற்கு முன்பே ஒன்றைப் பேசி முடிவு செய்யுங்கள்: எடுத்தவனுக்கே கார்டு சொந்தமா, அல்லது ஆடி முடித்து ஜெயித்தவன் முதலில் பொறுக்குவானா? ஒரு வருஷம் இதைப் பேசாமல் பிரித்தோம். தன் கட்டுக்குத் துளியும் உதவாத விலையுயர்ந்த கார்டை ஒருத்தன் எடுத்துப் பைக்குள் போட, ஜெயித்தவன் கேட்க, இரண்டு நண்பர்கள் பொங்கல் வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை.

கடைசி வேலை, எண்ணுவது. யாரும் மோட்டாரைக் கிளப்புவதற்கு முன் 360-ஐயும் எண்ணுங்கள், பத்துப் பத்தாக, இரண்டு பேர் தனித்தனியாக. ஒரு தடவை 359 வந்தது. மறுநாள் ஒரு அம்மா போன் அடித்து, மகன் சட்டையைத் துவைத்தபோது பையிலிருந்து ஏதோ அட்டை வந்ததென்றார். உறை இருந்ததால் பாதி பிழைத்தது. அந்தக் கிரேவ்டிகர் கார்டு இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது, கீழ் ஓரத்தில் நீலச் சோப்புக் கறையோடு.