சொந்த ஊர்க் காட்டில் நெடுங்கல் தேடுவோருக்கு

ஊருக்குப் போகிற சில வாரங்களில் கல்யாணம், கோயில், உறவினர் வீடு, துணிக்கடை என்று நாட்கள் தீர்ந்துவிடும். அதில் ஓரிரண்டு காலைப் பொழுதை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். தமிழ்நாட்டின் மேற்கிலும் வடக்கிலும் பல ஊர்களில், மேய்ச்சல் காட்டின் நடுவிலோ கரட்டின் அடியிலோ, இரும்புக்கால மக்கள் இறந்தவர்களுக்காக நட்டுவைத்த நெடுங்கற்கள் இன்றும் நிற்கின்றன. அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பவை கொஞ்சம்தான். மற்றவை சீமைக்கருவேல முள்ளுக்குள் மறைந்தோ, சாமியாகி மஞ்சள் பூசிக்கொண்டோ, வயல் வேலிக்குக் கல்லாகவோ இருக்கின்றன.

இவற்றைத் தேடத் தொல்லியல் பட்டம் வேண்டாம். ஊரில் உங்களைத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். டொராண்டோவிலோ கோலாலம்பூரிலோ பிறந்த பிள்ளையாக இருந்தாலும், "இன்னார் பேத்தி" என்றதும் திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுப்பார்கள். சுற்றுலா வருகிறவருக்கு அது கிடைக்காது. ஆகவே பெயர் பெற்ற இடங்களைக் கண்ணைப் பழக்கிக்கொள்ள மட்டும் பாருங்கள். உண்மையான தேடலை உங்கள் சொந்த ஊரைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணைப் பழக்க எங்கே போவது? கொங்கு நாட்டுப் பக்கம் இறங்குகிறவர்களுக்குக் கொடுமணல். சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் இருக்கிறது. 1980-கள் முதல் பல கட்டங்களாக அகழாய்வு நடந்த ஊர். மணி செய்த பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் இங்கேதான் வெளிப்பட்டன. ஊரை ஒட்டிய ஈமக்காட்டில், அதாவது பழைய இடுகாட்டில், புதைகுழியைச் சுற்றிக் கல் அடுக்கிய கல்வட்டங்களையும், இடுதுளை என்ற வட்டத் துளை போட்ட பலகைக் கற்களால் பெட்டி போல அமைத்த பதுக்கைகளையும், நெடுங்கல்லையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். கல்வட்டத்துக்கும் நெடுங்கல்லுக்கும் உள்ள உறவு அங்கே நின்றால்தான் புரியும். அதே பயணத்தில் ஊத்துக்குளிப் பக்கம் குமரிக்கல்பாளையத்துக்கும் போய் வாருங்கள். அந்த நெடுங்கல்லை அண்ணாந்து பார்க்கும்போது, எந்திரம் இல்லாத காலத்தில் இதை எப்படி நிமிர்த்தினார்கள் என்ற கேள்வி தானாக வரும்.

பெங்களூரில் இறங்குகிறவர்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரம் போகலாம். பாறைக் குன்றின் மேல் பலகைக் கற்களால் கட்டிய கல்திட்டைகள் வரிசை வரிசையாக நிற்கும். திருவண்ணாமலை மாவட்டம் மோட்டூரில் தலையும் தோளும் தெரிகிற மாதிரி வெட்டிய மனித வடிவக் கல் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் உடையார்நத்தத்திலும் அதே வகைக் கல் ஒன்று உண்டு. புதுக்கோட்டைக்காரர்கள் சித்தன்னவாசலுக்கு ஓவியம் பார்க்கப் போகும்போது வழியிலேயே கல்வட்டங்களைக் கடந்துதான் போகிறார்கள். பெரும்பாலோர் வண்டியை நிறுத்துவதில்லை. சென்னையோடு பயணம் முடிந்துவிடும் என்றால், விமான நிலையத்துக்கு அடுத்த பல்லாவரத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கிடைத்த ஈமப்பேழையை, அதாவது இறந்தவரை வைத்துப் புதைத்த சுடுமண் பெட்டியை, எழும்பூர் அருங்காட்சியகத்தில் பாருங்கள்.

இவை எவ்வளவு பழையவை என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். நெடுங்கல்லுக்கு நேரடியாக வயது சொல்வது கடினம். பக்கத்துப் புதைகுழியில் கிடைக்கும் கரி, தானியம், பானை ஓடு ஆகியவற்றை வைத்துத்தான் காலம் கணிக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் கீழ்நமண்டியில் கிடைத்த ஈமப்பேழைப் புதைப்புக்குக் கி.மு. 1692 என்ற காலக்கணிப்பு 2025 ஜனவரியில் வெளியானது. எல்லாக் கல்லும் அவ்வளவு பழையது என்று இதற்குப் பொருள் இல்லை. இந்த வழக்கம் பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது. பின்னால் வந்த, இறந்த வீரர்களின் நினைவாகக் கல் நடும் நடுகல் மரபும் இதிலிருந்தே வளர்ந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

நிற்கிற கல்லெல்லாம் நெடுங்கல் இல்லை. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இரண்டு தூண் நட்டுக் குறுக்கே ஒரு கல் வைத்திருந்தால் அது சுமைதாங்கி. பெரும்பாலும் பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் நினைவாக வழியோரம் வைத்தது. குளத்துக்குப் பக்கத்தில் மாட்டின் உயரத்துக்குத் தேய்ந்து வழுவழுப்பாக நின்றால் அது ஆவுரிஞ்சிக்கல், மாடு உரசிக்கொள்ள நட்டது. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும். வயல் மூலையில் முழங்கால் உயரத்தில் இருந்தால் சர்வே கல்லாகவோ எல்லைக்கல்லாகவோ இருக்கும். ஓரத்தில் வரிசையாக உளிக்குழி தெரிந்தால் பிற்காலத்தில் உடைத்த கல் என்று சந்தேகப்படுங்கள். பழைய நெடுங்கல் பெரும்பாலும் பாறையிலிருந்து இயற்கையாகப் பிரிந்த பலகையாக, செதுக்கல் அதிகம் இல்லாமல் இருக்கும். அதைப் பார்த்தவுடனே கல்லை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். பாதி மண்ணில் புதைந்த உருண்டைக் கற்கள் வட்டமாகத் தெரிகின்றனவா? வெங்கச்சங்கல் என்ற வெள்ளைக் கல்லின் சில்லுகள் குவிந்து கிடக்கின்றனவா? உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமாகப் பானை ஓடு கண்ணில் படுகிறதா? இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் நீங்கள் ஈமக்காட்டில் நிற்கிறீர்கள்.

உயரம் குறைவாக இருக்கிறது என்று எதையும் ஒதுக்கிவிடவும் கூடாது. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த மூன்று நடுகற்களும் ஆளுயரம்கூட இல்லாதவை. அவற்றில் இருந்ததோ தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழி.

புறப்படும் முன்பே வீட்டில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கூகுள் மேப்பின் செயற்கைக்கோள் படத்தில் உங்கள் ஊரின் குன்றுக்கும் ஏரிக்கும் நடுவே உள்ள நிலத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உழுத வயலுக்கு நடுவில் உழாமல் விட்ட வட்டத் திட்டு, வட்டமாக வளர்ந்த புதர் எல்லாம் குறித்துக்கொள்ள வேண்டியவை. அப்புறம், தமிழ்நாடு அரசின் இணையவழிச் சேவையில் சர்வே எண் கொடுத்தால், நிலம் எந்த வகை என்று காட்டும் அ-பதிவேடு பார்க்கலாம். கல்லாங்குத்து, பாறை, மேய்க்கால் புறம்போக்கு என்று பதிவான நிலங்களில் முதலில் தேடுங்கள். அக்காலத்தில் இறந்தவர்களைப் பெரும்பாலும் விளைநிலத்துக்கு வெளியேதான் வைத்தார்கள்; அந்தத் தரிசு நிலங்கள் பல இடங்களில் இன்னும் தரிசாகவே இருக்கின்றன.

ஊரில் யாரிடம் கேட்பது என்பதில்தான் தேடலின் பாதி இருக்கிறது. ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரியாத கல் காட்டில் இருக்காது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களையும், பழைய கிணறு வெட்டுகாரர்களையும், ஜேசிபி ஓட்டும் தம்பிகளையும் கேளுங்கள். "தொல்லியல் சின்னம் இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "ஏனுங்க அய்யா, இந்தப் பக்கம் பாண்டவர் வீடு, குள்ளர் வீடுன்னு சொல்ற இடம் எதாச்சும் இருக்குதுங்களா? குத்துக்கல் நிக்குதுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். இந்தப் பழங்கால ஈமக் கற்களுக்கு ஊரார் வைத்த பெயர்கள் அவை. திருவண்ணாமலைப் பக்கம் வாலியர் வீடு என்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரியில் வேடியப்பன் கோயில் எங்கே என்று கேட்டால் நடுகல்லில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பெரியவர்கள் சொல்லும் கதையை இடையில் திருத்தாமல் கேளுங்கள். பாண்டவர் வனவாசத்தில் கட்டிய வீடு என்று ஓர் ஊர் நம்பியதால்தான் அந்தக் கல் இத்தனை நாள் உடைபடாமல் நின்றது.

கும்பிடுகிற கல்லாக இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். பூசாரியைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எழுத்து தெரியவேண்டும் என்று சுண்ணாம்போ மாவோ பூசுவது கல்லைக் கெடுக்கும். காலை ஏழு மணி வெயில் சாய்வாக விழும்போது தானே தெரியும். கையில் கடப்பாரை, மண்வெட்டி, உலோகம் தேடும் கருவி எதுவும் வேண்டாம். புதையல் எடுக்க வந்தவர்கள் என்று ஊர் சந்தேகப்படும், அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. புதையல் ஆசையில் தோண்டப்பட்ட ஈமக்குழிகள் ஏராளம். பட்டா நிலம் என்றால் நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். அரசு இடத்தைப் பிடுங்கிக்கொள்ளும் என்று அவர் பயப்படலாம். அந்தப் பயத்தில் கல்லை ஒரே இரவில் பெயர்த்தெடுப்பதும் நடக்கும். அவரைப் பெருமைப்பட வைத்துவிட்டு வாருங்கள்.

தைப்பொங்கல் முதல் மாசி முடியும் வரை நல்ல காலம். அறுவடை முடிந்திருக்கும், புதர் காய்ந்திருக்கும். முழுக்கால் சட்டை, கணுக்காலை மூடும் செருப்பு, கையில் ஒரு தடி அவசியம். கல்லுக்கு அடியில் கை விடாதீர்கள், தேளும் விரியனும் அங்கேதான் தங்கும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்து நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். ஒசூர், சத்தியமங்கலம், நீலகிரி அடிவாரங்களில் யானை நடமாட்டம் உண்டு. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கவே கூடாது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சட்டத்தில் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் உண்டு. டிரோன் இறக்குமதியை இந்தியா 2022 பிப்ரவரியில் தடை செய்துவிட்டது, பெட்டியில் கொண்டுவராதீர்கள். மலையேறுபவர்கள் வைத்திருக்கும் செயற்கைக்கோள் தொலைபேசிக்கும் செய்திக் கருவிக்கும் முன் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே கைதாக நேரலாம். ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள் பார்க்கலாம், படம் எடுக்கலாம். முறையான ஆராய்ச்சி என்றால் சிறப்பு அனுமதி பெற வேண்டும். நினைவுக்காக ஒரு பானை ஓடு, ஒரு மணி என்று எதையும் எடுக்காதீர்கள். தொல்பொருளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்வதற்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. சட்டத்தை விடுங்கள், ஓடு இருந்த இடத்தில் இருந்தால்தான் அதற்கு அர்த்தம். லண்டன் வீட்டு அலமாரியில் அது வெறும் ஓடு.

ஈழத்துக்குப் போகிறவர்களுக்கு அங்கே முக்கியமாகக் காணக் கிடைப்பவை இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளும் (பெரிய பானைகள்) கற்பேழைகளும். தம்புள்ளைக்குப் பக்கத்தில் இப்பன்கட்டுவவில் பலகைக் கல் பேழைகள் திறந்த வெளியில் இருக்கின்றன. பொம்பரிப்பு தாழிகளுக்குப் பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டை ஈமக்காட்டில் 1980-களின் தொடக்கத்தில் எழுத்துப் பொறித்த முத்திரையும் கிடைத்தது.

சரி, ஒரு கல் கிடைத்துவிட்டது. கல்லுக்குப் பக்கத்தில் அளவுநாடாவை வைத்து நான்கு திசையிலிருந்தும் படம் எடுங்கள். உயரம், அகலம், தடிமன், கல்லின் முகம் எந்தத் திசை, சர்வே எண், ஊரார் சொல்லும் பெயர், சொன்ன கதை எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். சரியான இருப்பிடத்தை முகநூலில் போடாதீர்கள். புதையல் தேடுவோரும் அதைப் படிப்பார்கள். மாநிலத் தொல்லியல் துறைக்கும் மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள். கல்குவாரியோ வீட்டுமனையோ நெருங்கி வந்துவிட்ட இடம் என்றால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு வந்தவர்கள் ஜனவரி 26 வரை இருக்க முடிந்தால் கிராமசபையில் உட்காருங்கள். இந்தக் கல்லை ஊர் காக்கும் என்று ஒரு தீர்மானம் போடச் சொல்லி, அதன் நகலைக் கையோடு வாங்கி வாருங்கள்; நீங்கள் விமானம் ஏறிய பிறகு ஜேசிபி வந்தால், ஊர்க்காரர்கள் நீட்டிக் காட்ட அந்தக் காகிதம் வேண்டும்.